பேன் தட்டி

அந்த வருஷ மழைக்குப் பூங்கோதையின் குளத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

நெடுங்கரையில் மீன் வளர்க்கிற யாரும் முதலில் இதை நம்பவில்லை. ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால், விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் எல்லோரும் குளத்துக்குத்தான் ஓடுவார்கள். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. செதிலடியில் ரத்தம் கட்டி, வால் அழுகி, கண் பிதுங்கி மிதக்கும் கட்லாவையும் ரோகுவையும் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவுவார்கள். அந்த நாற்றம் கார்த்திகை வரைக்கும் ஊரை விட்டுப் போகாது. அந்த வருஷம் பூங்கோதையின் குளத்தில் மட்டும் மீன்கள் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு துள்ளின.

"என்னக்கா, மீனுக்குத் தாயத்து கட்டி விட்டுருக்கியா?" என்று கேட்டான் வைரக்கண்ணு. அவளுடைய பெரியப்பா மகன். எதையும் கேலி பண்ணாமல் அவனால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. "ஒங் கரையில காக்கா எல்லாம் பட்டினி. நேத்து ஒண்ணு எந்தோள்ல வந்து உக்காந்து அழுவுது."

"தாயத்து இல்லடா. பேன்" என்றாள் பூங்கோதை.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சொன்னது உண்மை.

மீன் பேன் அந்த ஊருக்குப் புதிதில்லை. உளுத்தந்தோல் அளவில் தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். செதிலைக் கவ்விப் பிடித்து ரத்தம் உறிஞ்சும். அரிப்புத் தாங்காமல் மீன் கரையில் உடம்பைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். புண் வழியாக மற்ற நோயெல்லாம் புகுந்துவிடும். ஆனால் பேன் முட்டையை மீன்மேல் இடாது. கெட்டியான இடம் தேடும். அதனால் மூங்கில் பிளாச்சுகளைப் பாய் போல முடைந்து குளத்துக்குள் நட்டுவைப்பார்கள். பேன்கள் வந்து அதில் வரிசை வரிசையாக முட்டையிடும். வாரம் ஒருமுறை தட்டியைப் பிடுங்கி வெயிலில் போட்டால் முட்டை காய்ந்து சாகும். அதற்குப் பேன் தட்டி என்று பெயர். மீன் வளர்க்கிற எல்லார் கொட்டகையிலும் இரண்டு மூன்று கிடக்கும்.

பூங்கோதை குளத்துப் பேன் மட்டும் வேறு ஜாதி. அதை ஆவணி மாதம் ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வந்தவள் நிரஞ்சனா. 'நீர்நலம்' என்ற கம்பெனியின் மீன் மருத்துவர். கல்லூரி முடித்து நாலைந்து வருஷம் இருக்கும். சேற்றில் சுடிதார் படுவதைப் பற்றிக் கவலைப்படாத பெண் என்பதால் பூங்கோதைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஓரத்துல பாருங்கக்கா, நீலமா ஒரு கோடு தெரியுதா? இது நாங்க வளத்த பேன். அடையாளத்துக்குத்தான் அந்த நீலம்."

"பேனக் கொண்டாந்து மீன் மேல விடச் சொல்றியாம்மா? ஊரு சிரிக்காதா?"

"ஊசி போடணும்னா ஒவ்வொரு மீனாப் புடிச்சுப் போடணும். யாரால முடியும்? இந்தப் பேன் போடும். கடிக்கறப்ப இதோட எச்சில்ல மருந்து எறங்கும்."

"அப்பறம் நோயே வராதா?"

நிரஞ்சனா குப்பியைக் கையில் உருட்டினாள். "வரும். ஆனா மீன் சாவாது. எப்படின்னா, கிருமியக் கண்டதும் மீனோட ஒடம்பு வெறி புடிச்ச மாதிரி சண்டை போடுது. பாதி மீன் சாவறது கிருமியால இல்ல, அந்தச் சண்டையால. இந்தப் பேன் கடிச்ச மீனு சண்டை போடாது. கிருமி அது பாட்டுக்கு உள்ள இருக்கும். மீன் அது பாட்டுக்கு மேயும்."

"வூட்டுக்குள்ள திருடன வச்சுக்கிட்டே சோறு திங்கற மாதிரி."

நிரஞ்சனா சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறியது. "அதனாலதான் ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. மீன் சாகலேன்னா தண்ணி நல்லாருக்குன்னு நெனைக்காதீங்க. இத்தன நாளா மீன் செத்து மிதந்து நம்மகிட்ட எறங்காதேன்னு சொல்லிச்சு. இனிமே சொல்லாது. கிருமி பெருகிக் கெடக்கும், மேல ஒண்ணும் தெரியாது. மீன வேக வச்சுத் தின்னா ஒண்ணுமில்ல. ஆனா வெறுங்காலோட தண்ணியில எறங்காதீங்க. புண்ணு இருந்தா எறங்கவே கூடாது."

தொடை வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தாள். இந்தக் குளத்துத் தட்டி இந்தக் கரையிலேயே காய வேண்டும், வேறு குளத்துக்குப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் குளம் தன் தம்பியுடையது, அவனுக்கும் கொடுக்க முடியுமா என்று பூங்கோதை கேட்டாள்.

"அது வாய்க்கால ஒட்டின கொளம்க்கா. வெள்ளம் வந்தா பேன் ஆத்துக்குப் போயிடும். அதுக்குக் குடுக்க மாட்டோம்."

தம்பி பெயர் அறிவழகன். எல்லோருக்கும் அழகு. பூங்கோதையின் புருஷன் கல்யாணமாகி எட்டாவது வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அப்போது தன் வீட்டை ஒட்டி ஒரு வீடு கட்டி அக்காவைக் கூட்டிவந்து வைத்தவன் அழகு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். காலையில் அவன் இருமுகிற சத்தத்தில்தான் அவளுக்கு விடியும். அவன் பெண்டாட்டி தேன்மொழி குழம்புக் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு "அண்ணி!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதே கிண்ணத்தில் இவள் ஏதாவது போட்டுத் திருப்பி வைப்பாள். பூங்கோதையின் குடும்பம் என்பது அந்தச் சுவர்தான்.

அந்த ஐப்பசியில் அழகின் குளத்தில் பாதிக்குமேல் மிதந்துவிட்டது. குழி வெட்டி மூடிவிட்டு மண்வெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"போதும்க்கா. எழிலன் கூப்படறான். அவன் கம்பெனி பக்கத்துலயே வூடு பாத்துருக்கானாம். தை பொறந்ததும் திருப்பூருக்கே போயிடலாங்குறா தேன்மொழி. இந்தக் கொளத்தோட இனி மல்லுக்கட்ட முடியாது."

எழிலன் அவன் ஒரே மகன். பனியன் கம்பெனியில் மேற்பார்வை வேலை.

"போயிட்டு?" என்றாள் பூங்கோதை.

"பேரப்புள்ளயப் பாத்துக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். நீயும் வாயேன்."

வாயேன் என்று அவன் மனதாரத்தான் சொன்னான். ஆனால் திருப்பூரில் இரண்டு அறை வீட்டில் அக்காவுக்கு எங்கே இடம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்குச் சுவர்மேல் கிண்ணம் வந்தபோது அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஊரே சாப்பிட்டுவிட்டு அசந்திருந்த நேரம், தன் குளத்திலிருந்து ஒரு பேன் தட்டியைப் பிடுங்கினாள். ரவையைப் பசை தடவி ஒட்டிய மாதிரி வரிசையாக முட்டை. ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், வரப்பைத் தாண்டித் தம்பியின் கரைக்குப் போனாள்.

"இத ஒங் கொளத்துல நட்டுடு. யாருக்கும் சொல்லாத."

"எனக்குக் கெடையாதுன்னுட்டாங்களேக்கா?"

"அவங்க கெடக்காங்க. ஆபீசு சட்டம்."

அழகு சாக்கைப் பிரித்து முட்டை வரிசையை விரல் படாமல் பார்த்தான். இயல்பிலேயே பயந்த மனுஷன். புதுப் பானை வாங்கினால் மூன்று தரம் கழுவிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற விடுவான். "இதால வேற ஒண்ணும் வந்துடாதே?" என்று கேட்டான்.

அவன் கேட்டான். அதைத்தான் பிற்பாடு அவளால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் தாண்ட முடியவில்லை. வாயைத் திறந்து கேட்டான். வெறுங்காலோடு இறங்காதே என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்றும் அவளுக்குத் தெரியும்: 'அப்பறம் எதுக்குக்கா இந்த வம்பு? நான் திருப்பூருக்கே போறேன்.'

"ஒண்ணும் வராது" என்றாள்.

"அது சரி, நீ ஏன் போலீஸ்காரம்மா மாதிரி பூட்சு மாட்டிக்கிட்டுத் திரியற?"

"வயசாச்சுடா. பித்தவெடிப்பு. சேறு ஒத்துக்கல."

"ராணி மாதிரி இரு" என்று சிரித்துவிட்டு, அழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டியோடு தண்ணீரில் இறங்கினான்.

கார்த்திகை முடிவதற்குள் அவன் குளத்திலும் சாவு நின்றது. மிச்சமிருந்த மீன்கள் கொழுத்தன. அவன் சுவரோரம் நின்று ஃபோனில் மகனோடு பேசுவது இவளுக்குக் கேட்கும். "நான் வரலடா. மீனு என்னிய வுட மாட்டேங்குது. வேணும்னா நீ வா, பொங்கலுக்கு." தேன்மொழி கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு கிண்ணம் பழையபடி வந்தது. பூங்கோதை நிம்மதியாகத் தூங்கினாள். இதுவும் அவளுக்குப் பிற்பாடு நினைவிருந்தது. அந்த நாட்களில் நன்றாகத்தான் தூங்கினாள்.

மார்கழியில் புயல் சின்னம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மீனைப் பிடித்துவிட வேண்டும் என்று அழகு ஆள் சேர்த்து வலை போட்டான். வியாபாரியின் வண்டி ரோட்டில் நின்றது. பூங்கோதை டீ போட்டு எடுத்துக்கொண்டு பூட்ஸோடு கரைக்குப் போனாள். வலையின் ஒரு முனையைப் பிடித்து மார்பளவு தண்ணீரில் நின்ற அழகு, திடீரென்று "ஸ்" என்று ஒற்றைக் காலைத் தூக்கினான்.

"நத்தை கிழிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே கரையோரம் வந்தான். உள்ளங்காலில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. துண்டு நுனியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் கால் வைத்தான்.

"அழகு! மேல வா!" என்று கத்தினாள் பூங்கோதை.

அவள் கத்திய கத்தலில் வலை பிடித்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரி பார்த்தான். தேன்மொழி பார்த்தாள்.

"ஏன்க்கா?"

கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா, இத்தனை நாள் சொல்லவில்லையே என்ற வெட்கமா, எது அவளைத் தடுத்தது என்று அவளுக்கே தெரியாது. கையிலிருந்த தூக்குவாளியைக் காட்டினாள். "டீ ஆறுது."

"இழுத்துட்டு வரேன், இரு" என்று அவன் உள்ளே போனான்.

அன்று மாலையே கால் கனத்தது. மறுநாள் முழங்கால்வரை கறுத்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த நாள் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான். ஏதோ விஷக்கடி என்று ஊர் முடிவு செய்துகொண்டது. குளத்தைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மீன்கூடச் சாகாத குளத்தை எவன் சந்தேகப்படுவான்?

புயல் கரையைக் கடந்த மழை இரண்டு நாளாக விடவில்லை. அவனைக் கொண்டுவந்த பிறகு தரைப்பாலம் மூழ்கிவிட்டதால் பாடைக்குப் பச்சை மூங்கில் வாங்க டவுனுக்கு ஆள் போக முடியவில்லை. கொட்டகையிலிருந்து இரண்டு கழிகளை உருவினார்கள். குறுக்கே பரப்ப ஒன்றும் கிடைக்காமல் யாரோ குளத்துக்கு ஓடிப்போய் எதையோ தூக்கிவந்தார்கள். கழிகளின்மேல் வைத்துக் கட்டித் தென்னங்கீற்றை விரித்தார்கள். பூங்கோதை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கீற்றின் விளிம்புக்குக் கீழே பிளாச்சு தெரிந்தது. பிளாச்சில் ரவை ரவையாக வரிசை.

அவள் கொடுத்த தட்டி.

அதன்மேல் அவனைத் தூக்கி வைத்தபோது அவள் போட்ட கூச்சலை எல்லோரும் உடன்பிறப்பின் துக்கம் என்று நினைத்தார்கள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் வெண்ணாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஆண்கள்தான் போவார்கள். மழைக்குள் அந்தப் பாடை மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றவள், ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்: அவனோடு அதுவும் எரிந்துவிடும்.

பத்து நாள் கழித்து நிரஞ்சனா துக்கம் கேட்க வந்தாள். தேன்மொழியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பூங்கோதையோடு குளத்துப் பக்கம் நடந்தாள். கால் தானாக அழகின் கரையில் நின்றது.

"அவரு கொளம் நம்ம திட்டத்துல இல்லைல்ல?"

"இல்ல" என்றாள் பூங்கோதை.

நிரஞ்சனாவின் தோள் நிம்மதியில் இறங்கியதை அவள் கவனித்தாள். கரையில் கிடந்த வீச்சுவலையை எடுத்து அந்தப் பெண் ஒரு வீச்சு வீசினாள், பழக்கம் போலிருக்கிறது. சிறிய மிர்கால் மீன் ஒன்று வந்தது. அதைக் கையுறைக் கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். செதில்மேல் என்ன இருந்தது என்று பூங்கோதை எட்டிப் பார்க்கவில்லை, தேவையும் இல்லை. நிரஞ்சனா மீனை மெதுவாகத் தண்ணீரிலேயே விட்டாள்.

"இந்தக் கொளத்த வத்த வச்சுடச் சொல்லுங்கக்கா. நல்லாக் காயட்டும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"சொல்றேன்மா."

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து வேறொருவர் வந்தார். நிரஞ்சனா வேலையை விட்டுவிட்டாள் என்றார்.

தேன்மொழி குளத்தை வற்றவைத்து உளுந்து போட்டாள். அவன் இறங்கின குளத்தில் இனி யாரும் இறங்க வேண்டாம் என்று பூங்கோதை சொன்னதை, பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பூங்கோதையும் தன் குளத்தைக் காயவிட்டாள், திட்டத்திலிருந்து விலகினாள், பூட்ஸைக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டாள். தட்டி எரிந்தது, குளங்கள் காய்ந்தன. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் யாருக்கும் ஒன்றுமில்லை என்று தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சுவர்மேல் கிண்ணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "அண்ணி!" என்ற குரல் கேட்டதும் எழுந்துபோய் எடுத்துக்கொள்வாள். ஒருநாள்கூட அதை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வருஷம் திரும்பியது. திதி கொடுக்க எல்லோரும் வெண்ணாற்றுப் படித்துறைக்குப் போனார்கள். வருஷத் திதிக்குப் பெண்களும் போகலாம். எழிலன் திருப்பூரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தான். தலையை மழித்துக்கொண்டு ஆற்றில் மூன்று முழுக்குப் போட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. மீன் துள்ளியது. ஒன்று இரண்டல்ல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் யாரோ கல் வீசி விளையாடுகிற மாதிரி சளக் சளக்கென்று ஓயாத சத்தம்.

"பாத்தியாக்கா?" என்றான் வைரக்கண்ணு, படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. "எம் பொறப்புல ஆத்துல இவ்ளோ மீனு பாத்ததில்ல. போன மழைக்கு ஒண்ணுகூடச் சாவலயாம். எல்லாம் நம்ம அழகு புண்ணியம். மேல போயும் மீன வுடல பாரு."

"கீழப்படுகையில எங்க சித்தப்பாவுக்குக் கால முழங்காலோட எடுத்துட்டாங்க மாமா" என்றாள் எழிலனின் பெண்டாட்டி. "சக்கரைதான் காரணம்னாங்க. அங்கயே இன்னொருத்தருக்கும் அப்படித்தானாம்."

பூங்கோதை அவள் பக்கம் திரும்பினாள். "ஆத்துல குளிக்கறவங்களா?"

"அந்த ஊர்ல எல்லாரும் ஆத்துலதான் அத்தை குளிக்கறாங்க."

அவள் வைரக்கண்ணுவின் முழங்கையைப் பிடித்தாள். "வைரம், அன்னிக்கி பாடையில தட்டி போட்டீங்கள்ல. அத எரிச்சீங்கதான?"

"எங்க எரிக்கறது? ஊறிப்போன மூங்கிலு. வெறகே பத்தல. டயரப் போட்டுல்ல அவன எரிச்சோம்." அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. "அந்தத் தட்டிய ஆத்துலதான் வுட்டோம். அழகு கடைசியா ஒரு தெப்பம் வுட்டுட்டுப் போறான்னு நான்கூட சொன்னேன். வளைவு திரும்பற வரைக்கும் மெதந்துச்சுக்கா, நல்லா."

அப்போது ஒரு கெண்டை துள்ளி வந்து கீழ்ப்படியில் விழுந்து உடம்பைக் கல்லில் தேய்த்தது. பூங்கோதை குனிந்து பார்த்தாள். செதில்மேல் உளுத்தந்தோல் போல மூன்று நான்கு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலக் கோடு.

மேல்படியில் சவரம் முடிந்து எழிலன் எழுந்தான். மழித்த தலையில் காதுக்குமேல் கத்தி பட்டு ரத்தம் மெல்லிய நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஆத்துத் தண்ணி பட்டா நின்னுடும்" என்று சவரம் செய்தவர் சொல்ல, அவன் படியிறங்கி வந்தான்.

"எழிலா! எறங்காத!"

போன வருஷம் கத்திய அதே கத்தல். அதே மாதிரி எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன் அத்தை?"

அவள் கையில் இன்று தூக்குவாளி இல்லை. அவன் வலது கால் தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தண்ணிதான்டா ஒங்கப்பன கொன்னுச்சு. நாந்தான் அத அவங்கிட்டக் கொண்டு போய்க் குடுத்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள்; பேன், எச்சில், சாகாத மீன், சாக்கில் சுற்றிய தட்டி. அழகு கேட்டதையும் தான் ஒன்றும் வராது என்றதையும் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். "நீங்க போயிட்டா நான் தனியாக் கெடக்கணுமேன்னுதான். வேற ஒண்ணுமில்ல." ஐயர் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார். வைரக்கண்ணு தன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எழிலன் காலைப் பின்னுக்கு எடுத்து மேல்படியில் வைத்தான்.

யாராவது அடித்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தேன்மொழி எழுந்து வந்து அவள் எதிரில் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு ஒன்று தப்பாக இருந்து இப்போதுதான் சரியாக வந்தவளைப் போல இருந்தாள்.

"பூட்சு போட்டுருந்தீங்களே அண்ணி" என்றாள். "அன்னிக்கும் பூட்சு போட்டுக்கிட்டுத்தான் கரையில நின்னீங்க. அதுக்குத்தானா?"

"ஆமா."

தேன்மொழி மகனைக் கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிப்போனாள். சாலையோரத்து அடிபம்பில் குடம் குடமாக அடித்து அவன் தலையில் ஊற்றினாள். மூன்று முழுக்குக்கு மூன்று குடம். பின்னும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பம்புப் பக்கம் போனார்கள். பூங்கோதையை யாரும் வா என்று கூப்பிடவில்லை.

அவள் படித்துறையில் தனியாக நின்று ஆறு போகிற திசையைப் பார்த்தாள். வளைவுக்கு அப்பால் கீழப்படுகை. அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ ஊர். எல்லா ஊருக்கும் படித்துறை உண்டு. கம்பெனிக்கு, கலெக்டருக்கு, பத்திரிகைக்கு எல்லாம் எழுத வேண்டும்தான். எழுதி, அவர்கள் வந்து, குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், நம்புவதற்குள் எத்தனை கால்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியபோது கீழப்படுகை வந்தது. ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மீன்கள் பயமில்லாமல் மொய்த்தன. கல்மேல் தூக்கி வைத்த ஒரு குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு.

"ஏம்மா, மேல ஏறிடு. அந்தத் தண்ணி நல்லதில்ல."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "யாருக்கா நீங்க? மீனு எப்படிக் கும்மாளம் போடுது பாருங்க. இதவிட நல்ல தண்ணி எங்கருக்கு?"

பூங்கோதை படியில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு ஜோடி பூட்சு இருந்துச்சும்மா" என்றாள்.